பெரிட்டின் 9, வைட்டமின் டி 14: மறுபடி எப்போது ரத்தம் கொடுப்பது?

நாகலூர் செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். ஓயாத அசதி என்று சேலத்தில் டாக்டரிடம் காட்டினேன். ஹீமோகுளோபின் 9.8, பெரிட்டின் (உடம்பிலுள்ள இரும்புச் சேமிப்பு) 9, வைட்டமின் டி 14. தினம் ஒரு இரும்பு மாத்திரை, எட்டு வாரத்துக்கு வாரம் ஒரு 60,000 யூனிட் டி பாக்கெட் எழுதிக் கொடுத்தார். இப்போது நாத்தனார் முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரையும் கால்சியமும் வாங்கி வந்திருக்கிறார். எல்லாம் சேர்த்துப் போடலாமா? மாசாமாசம் டெஸ்ட் எடுக்கணுமா? மலையிறங்கிப் போய் வந்தாலே ஒரு நாள் கூலி போச்சு.

அம்மாபேட்டை லேப்காரர்:
செல்விம்மா, ரத்தம் எடுத்தே தலை நரைத்தவன் நான். முழு உடம்பு பேக்கேஜ் என்று யாராவது இழுத்தால் போகாதீர்கள். குறைந்திருந்ததை மட்டும் பார்த்தால் போதும். ஹீமோகுளோபின் ஒரு மாசத்தில் ஒரு கிராம் அளவுக்கு ஏறியிருந்தால் மாத்திரை வேலை செய்கிறது. பெரிட்டின் என்பது சேமிப்பு, நிரம்ப மாசக்கணக்காகும். டியும் மூன்று மாசத்துக்கு முன்னால் பார்ப்பது தண்டச்செலவு. காய்ச்சலோடு வந்து பெரிட்டினுக்கு ரத்தம் கொடுப்பவர்கள் உண்டு. அப்போது அது ஏறித்தான் காட்டும், நம்பக்கூடாது.

பயோட்டின்தான் எனக்கு ஆகாத ஆள். அதிக டோஸில் போட்டால் சில மெஷின்களில் தைராய்டு, டி ரிசல்ட்டையே கோணலாக்கிவிடும். ரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், லேபிலும் சொல்லுங்கள். எதைத் தொடங்கினாலும் தேதியை ரிப்போர்ட் பின்பக்கம் எழுதி வையுங்கள். நாலையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் எதனால் எது ஏறியது என்று டாக்டருக்கே பிடிபடாது.

செவ்வாய்ப்பேட்டை மகேஸ்வரி:
அண்ணன் காபியைப் பற்றிச் சொல்ல விட்டுட்டார். செல்வி, எஸ்டேட் காபி மணக்கத்தான் செய்யும், ஆனால் இரும்பு மாத்திரைக்கு அப்புறம் இரண்டு மணி நேரமாவது தள்ளிக் குடி. டாக்டர் சரி என்றால் கால்சியம் ராத்திரிக்கு. இரும்போடு சேர்த்தால் இரும்பு உடம்பில் சேர்வதை அது தடுக்கும். டி பாக்கெட்டைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடு. எட்டு வாரம் என்றால் எட்டோடு நிறுத்து. என் மாமியார் நல்லாயிருக்கு என்று விடாமல் போட்டு, கால்சியம் ஏறி, வாந்தியில் படுத்துவிட்டார்.

நாகலூர் செல்வி:
சரிங்க அக்கா. நாத்தனார் அடுத்து மக்னீசியம் டெஸ்ட் என்கிறார்.

அம்மாபேட்டை லேப்காரர்:
மேக்னசைட் என்ற மக்னீசியக் கல்லைத் தோண்டுகிற ஊரில் அதற்கா பஞ்சம்! (மண்ணைத் தின்ன முடியாது, அது வேறு.) உடம்பிலுள்ள மக்னீசியத்தில் ரத்தத்தில் ஓடுவது சுமார் 1 சதவீதம்தான், அதனால் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தாலும் முழுசாக நம்ப முடியாது. டாக்டர் கேட்டால் மட்டும் கொடுங்கள்.