மறு: குழூஉக்குறி போதுமா? ‘முலாம்சொல்’ என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம். வடிவமைப்பு ஆலோசகர்கள் எளிய விஷயத்தைப் பெரிதாகக் காட்டச் சொல்லும் பகட்டான சொற்களுக்கு (ஆங்கிலத்தில் ‘ஜார்கன்’) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். ‘முலாம்சொல்’ என்ற என் பரிந்துரைக்கு வந்த மறுப்புகளுக்கு இது என் பதில்.

> ஜார்கனுக்குக் குழூஉக்குறி என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஒன்று எதற்கு?

நியாயமான கேள்வி. நேரான சொல்லை விட்டு வேறு சொல்லால் சொல்லும் தகுதி வழக்கை நன்னூல் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஒரு குழுவினர் தங்களுக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொள்ளும் சொல்தான் குழூஉக்குறி. பள்ளியில் படித்த எடுத்துக்காட்டுகள் பலருக்கும் நினைவிருக்கும். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பார். ஒரு பொற்கொல்லர் பறி என்றதும் பக்கத்துப் பட்டறைக்காரருக்கு அது பொன் என்று சந்தேகமில்லாமல் தெரியும். வாங்க வந்தவருக்குத்தான் தெரியாது.

வடிவமைப்பு ஆலோசனைத் தொழிலில் நடப்பது இதற்கு நேர் எதிர். இங்கே சொல்லே வாங்க வந்தவருக்காகச் சொல்லப்படுகிறது. சொன்னவரைத் தனியே கூப்பிட்டு என்ன பொருள் என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் பொற்கொல்லருக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம்.

பெங்களூர் இந்திராநகரில் அப்படியொரு நிறுவனத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் கூட்டம் சமாளிக்க முடியவில்லை என்று எங்களைக் கூப்பிட்டார்கள். மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து பார்த்தோம். எந்த வரிசை எதற்கு என்று சொல்லும் பலகை, டோக்கன் கவுண்டரின் முன்பக்கத்தில் இடுப்பு உயரத்தில் இருந்தது. நாலு பேர் நின்றாலே மறைந்துவிடும். அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். வந்தவர்கள் எல்லோரும் காவலாளியைக் கேட்டார்கள், தவறான வரிசையில் நின்றார்கள், திரும்பவும் முதலிலிருந்து நின்றார்கள். பலகையை மேலே தூக்கி, கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் எழுதி மாட்டினால் பாதிச் சிக்கல் தீரும். நல்ல கண்டுபிடிப்பு அது. இன்றும் அதைப் பெருமையாகவே நினைக்கிறேன்.

ஆனால் நாங்கள் கொடுத்த அறிக்கையின் தலைப்பு ‘நோயாளர் பயணத்தின் தொடுபுள்ளிகளை மனிதமையமாக மறுகற்பனை செய்தல்’. அதை ஆங்கிலத்தில் எழுதியவர்களில் நானும் ஒருத்தி. பலகை பற்றிய வரி கடைசிப் பக்கங்களில் எங்கேயோ இருந்தது. நிர்வாகத்துக்கு அந்தப் ‘பயணம்’ என்ற சொல் மிகவும் பிடித்துப்போய், அதற்கு அடுத்த கட்ட ஒப்பந்தமும் போட்டார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது கவுண்டரில் வேலை பார்த்த ஸ்ரீராமபுரத்துப் பெண் என்னிடம் தமிழில் கேட்டாள்: “அதெல்லாம் சரிக்கா, போர்டை எப்ப மாத்துவீங்க?” நான் வேலையை விடும்வரை அந்தப் பலகை நகரவில்லை.

இனி, குழுவில் இதுவரை வந்த சொற்கள். ‘பசப்புச்சொல்’ என்றால் ஏமாற்றும் எண்ணம் உள்ளே வந்துவிடுகிறது. எங்கள் அலுவலகத்தில் யாரும் ஏமாற்றுவதற்காக உட்காரவில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், இப்படித்தான் பேச வேண்டும் போல என்று பழகிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ‘மினுக்குச்சொல்’ வேண்டவே வேண்டாம், பெண்களைத் திட்டும் மேனாமினுக்கியின் வாடை அதில் போகாது. ‘பூச்சுச்சொல்’ பரவாயில்லை, ஆனால் சுவருக்குப் பூச்சு மழையிலிருந்து பாதுகாப்பு, அதில் குற்றமில்லை. ‘வாய்ப்பந்தல்’ எனக்கு மிகவும் பிடித்தது, பேச்சில் உயிரோடு இருக்கும் சொல். ஆனால் வாயால் போட்ட பந்தலில் கால்கூடக் கிடையாது. எங்கள் அறிக்கையின் அடியில் ஒரு பலகை இருந்ததே!

அதனால்தான் ‘முலாம்சொல்’ என்கிறேன். முலாமுக்கு அடியில் இரும்போ பித்தளையோ ஏதோ ஒன்று இருக்கும், அதற்கென்று ஒரு பயனும் இருக்கும். அதைப் பொன் விலைக்கு விற்பதுதான் தவறு. இதில் உரைத்துப் பார்க்கும் வழியும் கூடவே வருகிறது. சொல்லை எடுத்துவிட்டு வீட்டில் பேசும் சொல்லைப் போடுங்கள். வாக்கியத்தில் எதுவும் குறையவில்லை என்றால் அது முலாம். ‘தொடுபுள்ளி’யை எடுத்துவிட்டுக் கவுண்டர் என்று போட்டுப் பாருங்கள், என்ன குறைகிறது?

எல்லாத் துறைச்சொல்லும் முலாம் என்று சொல்லவில்லை. உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் உருவாக்கிய ‘அஃபார்டன்ஸ்’ என்ற சொல்லை வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் நார்மன் 1988இல் வெளியான தன் நூலில் வடிவமைப்புக்குக் கொண்டுவந்தார். ஒரு பொருள் தன்னைப் பயன்படுத்துபவருக்கு எந்தச் செயலுக்கு இடம் கொடுக்கிறது என்ற உறவைக் குறிக்கும் சொல் அது. கதவில் கைப்பிடி இருந்தால் இழுக்கிறோம், தட்டைத் தகடு இருந்தால் தள்ளுகிறோம். இதை வேறு ஒற்றைச் சொல்லால் சொல்ல முடியாது, உரைத்தால் நிற்கிறது. ஆனால் திரையில் ஒரு படத்தை வரைந்துவிட்டு ‘அஃபார்டன்ஸ் சேர்த்தோம்’ என்று வடிவமைப்பாளர்கள் பேசத் தொடங்கியதும், 1999இல் நார்மனே அதைக் கண்டித்து எழுத வேண்டியிருந்தது. ஆகவே முலாம்சொல் என்பது சொற்களின் வகை அல்ல, ஒரு சொல்லைப் பயன்படுத்தும் விதம். வரையறையில் இதைச் சேர்த்தே ஆக வேண்டும்.

இன்னொரு எடுத்துக்காட்டும் வரையறையோடு போகலாம். பெப்சியின் அன்றைய புதிய இலச்சினைக்கு ஆர்னெல் என்ற விளம்பர நிறுவனம் தயாரித்ததாக 2009இல் இணையத்தில் பரவிய 27 பக்க ஆவணம். ஒரு வட்டத்துக்குள் ஓடும் வெள்ளைப் பட்டையை விளக்கப் பொன் விகிதம், பூமியின் காந்தப்புலம், ஈர்ப்புவிசை எல்லாம் அதில் வருகின்றன.

> முலாம் தமிழ்ச்சொல் இல்லையே.

இல்லைதான். ஆனால் பெங்களூர் அல்சூர் நகைக்கடையில் நிற்கும் எந்தத் தமிழரிடமும் ‘இது முலாம்’ என்றால் விளக்கம் தேவையில்லை. இந்தச் சொல்லை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தால், எதை எதிர்த்து அதை உருவாக்குகிறோமோ அதையே நாமும் செய்கிறோம் என்றாகிவிடும்.

புணர்ச்சி பற்றி இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மரஞ்செடி போல ‘முலாஞ்சொல்’ என்றோ மரப்பெட்டி போல ‘முலாச்சொல்’ என்றோ சேரும் என்று தெரியும். ஆனால் அப்படி எழுதினால் முலாம் கண்ணில் படாது என்பதால் பிரித்தே எழுதலாம் என்பது என் கருத்து.