லிப்ரே ஆபிஸ் பக்கத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தும் ஆங்கிலம் வருவது ஏன்?

கரிசல்காடு:
கடிதம், கணக்கு எழுத உதவும் இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸின் பதிவிறக்கப் பக்கத்தைப் பற்றி இங்கே பேச வேண்டும். விண்டோஸ் வைத்திருப்பவர் அங்கே போய் 'வேறு மொழி வேண்டுமா?' என்ற சின்ன இணைப்பைத் தட்டித் தமிழைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் காட்டிய அதே எம்எஸ்ஐ கோப்புதான் (விண்டோஸில் நிறுவும் கோப்பு) இறங்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் கோப்புக்குள்ளேயே எல்லா மொழிகளின் மெனுவும் அடக்கம். ஆனால் விண்டோஸ் ஆங்கிலத்தில் இருந்தால், நிறுவும்போது 'கஸ்டம்' வழியாகப் போய்த் தமிழையும் சேர்க்க வேண்டும், அப்புறம் மென்பொருளுக்குள் அமைப்புகளில் மெனு மொழியை மாற்ற வேண்டும். இந்த இரண்டு படியும் தெரியாதவர் "தமிழ் என்றுதானே எடுத்தேன்" என்று அங்கேயே விட்டுவிடுவார். உலாவி எந்த மொழியைக் கேட்கிறதோ அந்த மொழியில் பக்கம் தானாகத் திறக்கட்டும், பொத்தானுக்குக் கீழேயே அந்த இரண்டு படியும் தமிழில் இருக்கட்டும் என்பது என் யோசனை.

பனங்கிழங்கு:
படிகளைத் தமிழில் போடுங்கள், அதற்கு ஆட்சேபம் இல்லை. தானாகத் திறப்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் தோகாவில் வேலை செய்கிறேன். அச்சுப்பொறிக்கு டிரைவர் எடுக்க ஒரு நிறுவனத்தின் தளத்துக்குப் போனால் பக்கம் முழுக்க அரபியில் வந்து நின்றது. மொழி மாற்றும் இடம் மூலையில் ஒரு கொடிப் படம், அதைத் தட்டினால் நாடுகளின் பட்டியல், அதுவும் அரபியில். இலங்கை எந்த வரியில் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அறையில் இருந்த எகிப்துக்காரர் வந்துதான் தட்டிக் கொடுத்தார். கேட்காமல் மொழியை மாற்றுகிற பக்கம் யாரையாவது இப்படித்தான் மாட்டிவிடும்.

கரிசல்காடு:
அண்ணா, அது வேறு. அந்தத் தளம் உங்கள் ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் இணைப்பின் எண்ணை) வைத்து நாட்டை ஊகித்து, நாட்டை வைத்து மொழியை ஊகித்திருக்கிறது. இரண்டு ஊகமும் தப்பான வழி. நான் சொல்வது உலாவி ஒவ்வொரு கோரிக்கையோடும் அனுப்பும் 'அக்செப்ட்-லாங்குவேஜ்' வரி. முதலில் தமிழ், கிடைக்காவிட்டால் ஆங்கிலம் என்று அதில் வரிசையே போட்டு வைக்கலாம், தோகாவுக்குப் போனாலும் டொரன்டோவுக்குப் போனாலும் அது மாறாது. லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனின் தளம் இதைப் பார்த்துத்தான் பக்கத்தைக் கொடுக்கிறது.

பனங்கிழங்கு:
டெபியன் பக்கத்தின் அடியில் மற்ற மொழிகளின் பெயரும் இருக்கும், மொழி அமைப்பை எப்படி மாற்றுவது என்று விளக்க ஒரு தனிப் பக்கமும் இருக்கும். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம், அந்த வரியில் தமிழ் இருக்க வேண்டுமென்றால் யாராவது அதைச் சேர்த்திருக்க வேண்டுமே? கடையில் வாங்கிய மடிக்கணினி ஆங்கிலத்தில் வருகிறது, உலாவியும் ஆங்கிலத்தைத்தான் கேட்கிறது. என் அம்மாவின் கணினி உட்பட நான் கை வைத்த ஒன்றிலும் தமிழ் முதலில் இருந்ததில்லை. நீங்கள் யாருக்காகக் கவலைப்படுகிறீர்களோ அவருக்கு உங்கள் வழியில் ஆங்கிலப் பக்கம்தான் திறக்கும். பட்டியலை மேலேயே, கண்ணில் படும்படி, ஒவ்வொரு மொழியையும் அதன் எழுத்திலேயே வையுங்கள். கொடி மட்டும் வேண்டாம். தமிழுக்கு எந்தக் கொடி வைப்பீர்கள்? இந்தியாவா, இலங்கையா, சிங்கப்பூரா?

மேட்டூர்வாசி:
இரண்டு பேரும் பக்கத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் மொழியைக் கேட்கவே கூடாது என்பேன். டெபியனை நிறுவ இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பை எடுங்கள், எல்லா மொழிக்கும் ஒரே கோப்புதான், நிறுவும்போது முதல் திரையே மொழியைத்தான் கேட்கிறது, வரைகலை நிறுவியில் தமிழும் இருக்கிறது. லிப்ரே ஆபிஸ் நிறுவியும் முதல் திரையில் அப்படிக் கேட்டால் 'கஸ்டம்' எதற்கு? பயர்பாக்ஸைப் பாருங்கள், மொழிக்கு ஒரு கோப்பு என்று பெரிய பட்டியல். அதில் தப்பான வரியைத் தட்டினால் தப்பான மொழி வந்து உட்கார்ந்துவிடும்.

கரிசல்காடு:
தப்பாக வந்தாலும் பயர்பாக்ஸுக்கு உள்ளேயே அமைப்புகளில் வேறு மொழியைச் சேர்த்துக்கொள்ளலாம். கோப்பின் அளவையும் யோசியுங்கள். லிப்ரே ஆபிஸின் விண்டோஸ் கோப்பு 300 எம்பிக்கு மேல். கைப்பேசி டேட்டாவைப் பகிர்ந்து இறக்குகிற மாணவிக்கு எல்லா மொழியும் எதற்கு? லினக்ஸிலும் மேக்கிலும் செய்வது போல முதன்மைக் கோப்பு ஒன்று, மொழிப்பொதி (ஒரு மொழியின் மெனு மட்டும் உள்ள கோப்பு) தனியாக என்றால் அவளுக்குச் சுமை குறையும்.

மேட்டூர்வாசி:
குறையும். ஆனால் அவள் இரண்டு கோப்பை இறக்க வேண்டும், இரண்டையும் வரிசையாக நிறுவ வேண்டும், லினக்ஸாக இருந்தால் டெப், ஆர்பிஎம் என்ற இரண்டு கோப்பு வகைகள் என்ன என்றும் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக வருபவர் தடுமாறுகிற இடமே அந்த இரண்டாவது கோப்புதான். கொஞ்சம் டேட்டா மிச்சமாவதற்காக அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

முனையம்:
நான் தன்னார்வமாக மென்பொருள்களைத் தமிழாக்குகிறவன். பக்கத்தை மொழிபெயர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். நான் உதவிய ஒரு சிறு திட்டத்தில் தமிழ்ப் பக்கத்தைத் தனி எச்டிஎம்எல் கோப்பாக வைத்திருந்தார்கள். ஆங்கிலப் பக்கம் புதிய பதிப்புக்கு மாறிக்கொண்டே போனது, தமிழ்ப் பக்கம் மட்டும் ஓராண்டுக்கும் மேலாகப் பழைய, பாதுகாப்பு ஓட்டை அடைக்காத பதிப்பையே கொடுத்துக்கொண்டிருந்தது. தமிழில் படித்ததற்குக் கிடைத்த தண்டனை அது! எனக்கு இன்னும் உறுத்துகிறது, நானும் கவனிக்கவில்லை. பதிப்பு எண், கோப்பின் அளவு, இணைப்பு மூன்றும் எல்லா மொழிப் பக்கங்களுக்கும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கையில் வாக்கியம் மட்டும் இருந்தால் போதும். தமிழாக்காத வரி ஆங்கிலத்தில் தெரியட்டும், பழைய தமிழ் வரியைவிட அது நல்லது. லிப்ரே ஆபிஸின் மெனுவை வெப்லேட் என்ற இணையவழி மொழிபெயர்ப்புக் கருவியில் மொழிபெயர்க்கிறார்கள், இந்தப் படிகளையும் அதே போல வரி வரியாக வைத்தால் யாரும் வந்து திருத்தலாம்.

பனங்கிழங்கு:
இதற்கு முழு ஆதரவு. இன்னொன்று, பொத்தானில் என்ன எழுதுவீர்கள்? எங்கள் பக்கம் 'தரவிறக்கம்' என்போம், நீங்கள் 'பதிவிறக்கம்' என்பீர்கள்.

முனையம்:
இரண்டும் எல்லோருக்கும் புரியும். எதை வைத்தாலும் பொத்தானிலும் படிகளிலும் அதே சொல் இருந்தால் போதும். இதில் நாளைக் கழிக்க வேண்டாம்.

கரிசல்காடு:
சரி. தானாகத் திறப்பதை நான் இன்னும் விடவில்லை, ஆனால் பட்டியல் மேலேதான் இருக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன், அது இல்லாமல் தானாகத் திறப்பது ஆபத்துதான். மேட்டூர்வாசி சொன்ன முதல் திரை நடந்தால் எல்லாவற்றையும்விட நல்லது, ஆனால் அதற்கு நிறுவியையே மாற்ற வேண்டும். பக்கத்தில் இரண்டு வரி சேர்ப்பது சின்ன வேலை. விண்டோஸுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

"இந்தக் கோப்பிலேயே தமிழும் இருக்கிறது. நிறுவும்போது கஸ்டம் என்பதைத் தேர்ந்து, கூடுதல் மொழிகளில் தமிழைச் சேருங்கள். பிறகு மென்பொருளைத் திறந்து அமைப்புகளில் மெனு மொழியைத் தமிழாக்குங்கள்."

மேட்டூர்வாசி:
'கஸ்டம்' என்பதைத் திரையில் தெரிகிறபடி ஆங்கில எழுத்திலேயே போடுங்கள். அங்கே போய் அவர் அந்த எழுத்தைத்தான் தேடுவார்.

பனங்கிழங்கு:
என்னிடம் மேக் இருக்கிறது. மொழிப்பொதியை நிறுவிப் பார்த்து அதற்கான வரிகளை இரவு எழுதிப் போடுகிறேன்.