கன்ட்ரோல் லைன் விமானம்: பாதிப் பறப்பில் மோட்டார் வேகம் இறங்குகிறது

மண்டபம் பக்கம் கடற்கரைப் பொட்டலில் எலெக்ட்ரிக் கன்ட்ரோல் லைன் விமானம் (கையில் பிடித்த கம்பியில் கட்டி வட்டமாகப் பறக்கவிடும் மாடல்) ஓட்டுகிறேன். இஎஸ்சியில் (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) வேகத்தை ஒரே அளவில் நிறுத்தும் கவர்னர் மோடு போட்டும் மோட்டார் வேகம் கடைசிவரை நிற்கவில்லை. முதல் இரண்டு நிமிடம் விமானம் ஒரு சுற்று வர 5.2 விநாடி, எனக்கு வேண்டிய அளவு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக 5.7 வரை போய்விடுகிறது. தலைக்கு மேல் ஏறும்போது கம்பி தொய்கிறது. கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து பயமாகவே இருக்கிறது.

கம்பி நீளம் 60 அடி, புரொப்பல்லர் 11×5.5 (விட்டமும் பிட்ச்சும், அங்குலத்தில்), மோட்டார் 750 கேவி (சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு 750 ஆர்பிஎம்), பேட்டரி நாலு செல் லிப்போ 2700 எம்ஏஎச். தரையில் டாக்கோமீட்டர் (சுழற்சி வேகமானி) வைத்து 9500 ஆர்பிஎம் செட் செய்தேன். டைமர் ஐந்தரை நிமிடம்.

த்ராட்டில் கேலிபரேஷன் மறுபடி செய்தாயிற்று. நண்பரின் புது பேட்டரியிலும் இதே கதைதான். உப்புக்காற்றில் பேரிங் போயிருக்குமோ என்று கழற்றிப் பார்த்தேன், சுத்தமாகச் சுழல்கிறது. கனெக்டரையும் புதிதாகச் சால்டர் வைத்தேன். 11×5 போட்டால் ஆர்பிஎம் ஓரளவு நிற்கிறது, ஆனால் விமானம் மந்தம். அதை ஈடுகட்ட ஆர்பிஎம்மைக் கூட்டினால் பழையபடி இறங்குகிறது. விமானம் தரையிறங்கியபின் பேட்டரியில் 30 சதவீதம் மிச்சம், மோட்டாரும் அதிகம் சுடவில்லை.

என் சந்தேகம் வோல்டேஜ் மேல்தான். பறப்பில் நாலு செல் தரும் 14.4 வோல்ட்டுக்கு 750 கேவி என்றால் சுமை இல்லாமலே 10,800தான் வரும். கவர்னர் கூட்டிக்கொடுக்க இடம் எங்கே? பொருளெல்லாம் கூரியரில்தான் வரவேண்டும், ஒன்றுதான் வாங்க முடியும்.

900 கேவி மோட்டாருக்கு மாறுவதா, இதே மோட்டாருக்கு ஐந்து செல் போடுவதா?