மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள்: கோர்ட்டைப் பற்றி நாடாளுமன்றத்தில் யாராவது பேசினார்களா?

கேள்வி (தாமிரபரணி):
என் சித்தப்பா 2021-ல் ஒரு மோசடிப் புகார் கொடுத்தார். குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிவிட்டது, ஆனாலும் வழக்கு இன்னும் வாய்தாவிலேயே ஓடுகிறது. ஒரு நாள் மாஜிஸ்திரேட் விடுப்பு, இன்னொரு நாள் சாட்சி சொல்ல வேண்டிய இன்ஸ்பெக்டருக்குப் பந்தோபஸ்து, அடுத்த முறை எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. எழுபது வயதைத் தாண்டியவர், ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் பிடித்துப் போய் மதியம் வரை வராந்தாவில் நின்றுவிட்டு அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு திரும்புகிறார். புதிய சட்டங்கள் அமலுக்கு வந்தபோது, எந்த வழக்கானாலும் உச்ச நீதிமன்றம் வரை மூன்று ஆண்டுக்குள் நீதி கிடைத்துவிடும் என்று உள்துறை அமைச்சர் சொன்னார். அந்தக் காலக்கெடு எங்கள் வழக்குக்குப் பொருந்துமா? கோர்ட்டில் நீதிபதியே போதாதபோது இந்தக் கெடுவை எப்படிக் காப்பாற்றுவார்கள் என்று சபையில் யாரும் கேட்கவில்லையா?

வக்கீல் மாறன்:
முதல் கேள்விக்கு பதில், பொருந்தாது. புதிய சட்டங்கள் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படிதான் நடக்கும், அதற்குப் பதிலாக வந்த புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ஸின் 531-வது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது.

பொருந்தினாலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வாதம் முடிந்து 30 நாளில் தீர்ப்பு, காரணம் எழுதினால் 45 நாள் வரை, ஒரு தரப்புக்கு இரண்டு வாய்தாவுக்கு மேல் கிடையாது, இதெல்லாம் சட்டத்தில் இருக்கிறது. கெடு தவறினால் என்ன ஆகும் என்பதுதான் அதில் இல்லை. குற்றப்பத்திரிகைக்கான 60 நாள், 90 நாள் கெடுவைப் பாருங்கள். அது தவறினால் கைதானவருக்கு ஜாமீன் உரிமையாகிவிடும், அதனால்தான் கடைசி வாரத்தில் போலீஸ்காரர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஃபைலை முடிக்கிறார்கள். தவறினால் யாருக்காவது பொறுப்பு வருகிற கெடுதான் வேலை செய்யும், இதை எந்த கோர்ட் வளாகத்திலும் கண்ணாலேயே பார்க்கலாம்.

செந்தில்வேலன்:
சபையில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். 2023 ஆகஸ்ட் 11-ல் மசோதாக்கள் வந்தன, நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆய்வுக்குப் போயின, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மாற்றுக் கருத்தும் எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் திருத்திய வடிவம் டிசம்பர் 12-ல் வந்தது. மறுநாளே மக்களவைக்குள் புகைக்குப்பி வீச்சு. அதற்கு அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று கேட்டு எழுந்த அமளியில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எம்.பி.க்கள் இடைநீக்கம். எதிர்க்கட்சி வரிசையில் பெரும்பகுதி காலியாக இருக்க, டிசம்பர் 20-ல் மக்களவை, 21-ல் மாநிலங்களவை, வேலை முடிந்தது. 1860-ல் வந்த தண்டனைச் சட்டத்தை மாற்றும்போது குறுக்குக் கேள்வி கேட்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் வெளியே நின்றார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது. போலீஸ் காவலின் 15 நாளை முதல் 40 அல்லது 60 நாளுக்குள் பிரித்துப் பிரித்து எடுக்கலாம் என்கிற பி.என்.எஸ்.எஸ். 187-வது பிரிவு ஒன்றுக்கே ஒரு முழு நாள் விவாதம் வேண்டும்.

மலர்க்கொடி:
செந்தில் அண்ணா சொல்வது சரிதான், ஆனால் சட்டத்தில் இருக்கிற நல்லதையும் சொல்லுங்கள். எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். போடலாம் என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. சோதனை போடும்போது வீடியோ எடுத்தே ஆக வேண்டும். பி.என்.எஸ்.எஸ். 479-வது பிரிவு இன்னும் முக்கியம்: இதற்கு முன் தண்டனை பெறாதவர், அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால் ஜாமீனில் விட வேண்டும், அதற்குச் சிறைக் கண்காணிப்பாளரே கோர்ட்டுக்கு எழுத வேண்டும். பழைய வழக்குகளுக்கும் இது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022 கணக்குப்படி நாட்டில் சிறையில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நான்கில் மூன்று பேர்.

வக்கீல் மாறன்:
மலர்க்கொடி, 479-ஐ முழுதாகப் படியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தால் அந்தச் சலுகை இல்லை என்று அடுத்த உட்பிரிவே சொல்கிறது. ஒரு சாதாரண அடிதடிக்கே எஃப்.ஐ.ஆரில் மூன்று நான்கு பிரிவு போடுகிற ஊர் இது, அப்படியானால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

நீதிபதி எண்ணிக்கை விஷயம் இந்த மசோதாக்களுக்குள்ளேயே வராது. கீழமை நீதிபதிகளை மாநில அரசும் உயர் நீதிமன்றமும் சேர்ந்து நியமிக்க வேண்டும். பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதி வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-லேயே எழுதிக் கொடுத்தது, இன்றைக்கு 21 பக்கத்தில் நிற்கிறோம். டெல்லியில் கெடு வைக்கிறார்கள், ஆளையும் கட்டடத்தையும் சென்னைதான் தர வேண்டும்.

தாமிரபரணி:
நன்றி சார். அப்படியானால் இப்போது நாங்கள் என்னதான் செய்ய முடியும்?

வக்கீல் மாறன்:
குறிப்பிட்ட காலத்துக்குள் வழக்கை முடிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் டைரக்‌ஷன் மனு போடலாம். புகார்தாரர் வயதானவர் என்பதை மனுவில் முதலிலேயே எழுதச் சொல்லுங்கள், இத்தனை வாய்தாவும் எதற்காகப் போனது என்பதை டைரி எக்ஸ்ட்ராக்டோடு (ஒவ்வொரு வாய்தாவிலும் நடந்ததைக் காட்டும் கோர்ட் குறிப்பின் நகல்) காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்று மாதம், ஆறு மாதம் என்று உத்தரவு வரும். ஆனால் அங்கே இருப்பது அதே ஒரு மாஜிஸ்திரேட்தான், சித்தப்பா வழக்கு முன்னே வந்தால் இன்னொருவர் வழக்கு பின்னே போகும். அதுவும் தெரிந்துதான் மனு போடச் சொல்கிறேன்.