அழகர் ஆற்றில் இறங்கிய அன்று உங்களுக்கு நடந்தது

செல்லூர்வாசி:
மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையைப் பார்த்துவிட்டு விடிய விடிய தல்லாகுளத்தில் கிடந்தோம். தங்கை மீனாட்சி கல்யாணத்துக்குப் பிந்தி வந்த சாமியை எப்படியும் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. கையில் சர்க்கரைச் செம்பு, செம்பின் வாயில் வாழையிலை கட்டி மேலே சூடம். தங்கக் குதிரை தெரிந்ததும் பின்னாலிருந்து ஒரு தள்ளு. அம்மா செம்பைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். சூடம் சரிந்து கட்டைவிரலில் ஒட்டி எரிகிறது, கை இறங்கவில்லை. சாமி உடுத்தியிருப்பது பச்சைப்பட்டு என்று ஊரே கூவியது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தழும்பு இன்னும் இருக்கிறது. ஏன் செம்பைக் கீழே விடவில்லை என்று இதுவரை அவரிடம் கேட்கவில்லை.

தேனூரான்:
அண்ணே, கல்யாணத்துக்குப் பிந்தி வந்தார் என்பதெல்லாம் பிறகு சேர்ந்த கதை. அழகர் வருவது சாபத்தால் தவளையான மண்டூக முனிவரின் சாபம் தீர்க்க. முன்பு எங்கள் தேனூர் ஆற்றில்தான் இறங்கினார். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்து, இரண்டு விழாவையும் மதுரையில் சேர்த்தவர் திருமலை நாயக்கர், 17-ஆம் நூற்றாண்டில். வண்டியூர்ப் பக்கம் ஆற்றுக்குள் இருப்பது இன்றைக்கும் தேனூர் மண்டபம்தான். அங்கே சாபம் தீர்ந்து நாரையைப் பறக்கவிட்டபோது தாத்தா என் தோளை இறுக்கிப் பிடித்தார், வலிக்கிற அளவுக்கு. அதை மறக்க முடியவில்லை.

வில்லாபுரம் அக்கா:
ராமராயர் மண்டபம் அருகே எவனோ பம்பு வைத்துப் பீய்ச்சிய தண்ணீர் என் மகன் கண்ணில் அடித்து இரண்டு நாள் வீங்கிவிட்டது. தம்பிகளா, விரதம் இருந்து அழகர் வேடம் கட்டுகிறவர்கள் தோல்பையில் சின்னக் குழாய் வைத்துக் கையால் அமுக்குங்கள், போதும். வெயிலில் வந்த சாமி குளிரத்தானே தண்ணீர்? அதில் வாசனைப் பொடி எதையும் கலக்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாலத்தடிக்குப் போகவே வேண்டாம். 2022-ல் நெரிசலில் இரண்டு உயிர் போனது. பிள்ளை சட்டைப்பையில் போன் நம்பர் எழுதி வையுங்கள். அப்புறம், ஆற்றில் பார்க்க முடியாவிட்டால் சாமி நின்று போகும் மண்டகப்படியில் நில்லுங்கள், அவரே நம் தெருவுக்கு வருவார்.

கோரிப்பாளையம்:
2020-ல் வரவில்லையே அக்கா. கொரோனா. அன்றைக்கும் மூன்று மணிக்கே வீட்டில் எல்லோருக்கும் விழிப்பு வந்துவிட்டது. ரோட்டில் ஈ காக்கை இல்லை. அப்பா குளித்து, நாமம் போட்டு, வாசலில் தண்ணீர் தெளித்து, பாலம் இருக்கிற திசையைப் பார்த்தபடி விடிகிறவரை நின்றார்.