தென்னாப்பிரிக்காவின் உம்கொமாஸ் ஆலையில் என்ன காகிதம் செய்கிறார்கள்?

சாட்ஸ்வொர்த் அம்மா:
மகளுக்குப் பள்ளியில் மரக்கூழ் பற்றி புராஜெக்ட். உம்கொமாஸ் பக்கம் போனால் ஆலைக்கு யூக்கலிப்டஸ் கட்டை ஏற்றிப்போகும் லாரிகளைப் பார்க்கிறோம். அங்கே செய்வது நோட்டுப் புத்தகக் காகிதமா, பெட்டி அட்டையா? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

மெரிபேங்க் தாத்தா:
இரண்டும் இல்லை அம்மா. அங்கே எடுப்பது கரைக்கும் கூழ், அதாவது கரைத்து இழையாக்குவதற்கான கூழ். அதில் பெரும்பகுதி விஸ்கோஸ் (ரேயான்) துணிக்குத்தான் போகிறது. கூழ் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இதைக் கேட்டால் எனக்குப் பேச்சு நிற்காது!

மரத்தில் நாராக இருக்கும் செல்லுலோஸ், அதோடு சேர்ந்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ், இவற்றை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என மூன்று உண்டு. காகிதத்துக்கு ஹெமிசெல்லுலோஸ் கொஞ்சம் இருந்தால் நல்லது, நாரோடு நார் நன்றாக ஒட்டும். துணிக்கு அது ஆகாது, 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ் வேண்டும். அதனால் சல்ஃபைட் அமிலத்தில் வேகவைத்து, வெளுத்து, கெட்டியான வெள்ளைத் தாளாக உலர்த்துவார்கள். அந்தத் தாளைப் பிய்த்து 18 சதவீத காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவோம். கரையாமல் மிஞ்சும் செல்லுலோஸை வடிகட்டி, கழுவி, காயவைத்து எடை போட்டால் சரக்கின் தரம் தெரிந்துவிடும்.

நூல் ஆலையில் அந்தக் கூழைக் காஸ்டிக், கார்பன் டைசல்ஃபைடு சேர்த்துத் தேன் மாதிரிக் கரைசலாக்குவார்கள். நுண்துளை வழியே அமிலத் தொட்டிக்குள் தள்ளினால் இழையாக உறையும். மாத்திரையில் மாவாகச் சேரும் மைக்ரோகிரிஸ்டலின் செல்லுலோஸும் இந்த வகைக் கூழிலிருந்து வருவதுதான்.

ஸ்டேங்கர்காரன்:
எங்கள் ஊர் ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்தும் கூழ் எடுத்திருக்கிறார்கள். அதையும் எழுதச் சொல்லுங்கள் அக்கா.

சாட்ஸ்வொர்த் அம்மா:
ரொம்ப நன்றி ஐயா, தம்பிக்கும் நன்றி. அப்போ லிக்னின் எங்கே போகிறது? வகுப்பில் காட்ட ஏதாவது இருக்கிறதா?

மெரிபேங்க் தாத்தா:
நல்ல கேள்வி. சல்ஃபைட் முறையில் அது லிக்னோசல்ஃபோனேட்டாகக் கரைந்து வரும். மண்சாலையில் புழுதி அடங்கத் தெளிப்பார்கள், கான்கிரீட்டிலும் கலப்பார்கள். பெட்டி அட்டைக்கான கிராஃப்ட் முறையில் கறுப்பு நீராக வரும். அதைச் சுண்டவைத்து எரித்தால் ஆலைக்கு நீராவியும் கிடைக்கும், வேகவைத்த ரசாயனமும் திரும்பக் கிடைக்கும்.

காட்டுவதற்கு ஒரு செய்தித்தாளையும் வெள்ளை நோட்டுத் தாளையும் பாதி மூடி வெயிலில் வையுங்கள். செய்தித்தாளில் லிக்னின் அப்படியே இருக்கும், மூடாத பாதி சில நாளில் மஞ்சளாகும். நோட்டுத் தாள் அவ்வளவு மாறாது. பிள்ளை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் காட்டட்டும்.