தொலைதூர நாட்டுடன் தூதரகம், வணிகம், காலநிலை மூன்றையும் சேர்த்து ஒப்பந்தம்: எதில் தொடங்குவது?

தெற்கலை (கேள்வி)

வணக்கம். இரண்டு நாடுகள், நடுவே இரண்டு பெருங்கடல்கள். நேர வித்தியாசம் பத்து மணி நேரத்தைத் தொடுகிறது. நேரடிக் கப்பல் கிடையாது. வணிகம் சிறியது, உறவு நல்லது. தூதரக உறவு, வணிகம், காலநிலை மூன்றையும் சேர்த்து ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட இரு தரப்புக்கும் விருப்பம். வணிகக் கூட்டமைப்பு சார்பில் ஒரு கருத்துக்குறிப்பு தயாரிக்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் பல, கையெழுத்து விழாவோடு நின்றுவிடுகின்றன. இதற்கு அந்தக் கதி வரக்கூடாது என்று நினைக்கிறேன்.

மூன்று சந்தேகங்கள். புரிந்துணர்வு ஒப்பந்தமே போதுமா, முழு உடன்படிக்கை வேண்டுமா? முக்கியமான ஐந்தாறு சரக்குகளுக்கு மட்டும் தீர்வையைக் குறைத்துக்கொண்டால் என்ன? ஒரு நாடு கார்பன் வரவுகளை (உமிழ்வைக் குறைத்ததற்கு டன் கணக்கில் கிடைக்கும் சான்றுகள்) வாங்க நினைக்கிறது, மற்றது விற்க நினைக்கிறது; விற்கும் நாடு எதில் விழிப்பாக இருக்க வேண்டும்?

ஓலைச்சுவடி

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். புரிந்துணர்வு ஒப்பந்தம் பொதுவாக யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. தீர்வைக் குறைப்பு, இரட்டை வரி விலக்கு, விமான சேவை உரிமை இவற்றை அதில் எழுதி வைத்தால் ஏட்டுச் சுரைக்காய்தான். ஒவ்வொன்றுக்கும் தனி உடன்படிக்கையும் உள்நாட்டு ஒப்புதலும் வேண்டும். யார், எதை, எந்தத் தேதிக்குள் பேசி முடிப்பது என்பதை மட்டும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் இறுக்கமாக எழுதுங்கள். அந்த வேலைக்கு அது நன்றாகவே உதவும்.

அமைச்சர் மட்டக் கூட்டு ஆணையம் ஆண்டுக்கு ஒருமுறை கூடினாலே பெரிய விஷயம். நடுவில் உள்ள பதினோரு மாதங்களில்தான் எல்லாம் கிடப்பில் போகிறது. ஆகவே வணிகம், சுங்கம், தாவரத் தொற்றுத்தடுப்பு, காலநிலை என்று பிரிவுக்கு ஒரு தொடர்பு அலுவலரைக் குறிப்பிடச் சொல்லுங்கள். ஆள் பெயர் போடாமல் பதவியைப் போடுங்கள். ஆள் மாற்றலாகிப் போனதும் தொடர்பு அறுந்துபோகாமல் இருக்கும். பத்து மணி நேர வித்தியாசத்தில் இரண்டு அலுவலகமும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் அநேகமாக இருக்காது. அதனால் காணொளிக் கூட்டத்தை நம்பாமல், எழுத்து மூலக் கேள்விக்கு 30 நாளில் எழுத்து மூலப் பதில் என்று விதி வையுங்கள். கூட்டக் குறிப்பில் ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே பொறுப்பு அலுவலகமும் கெடு தேதியும் இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தின் முதல் பொருள் அந்தப் பட்டியலாகவே இருக்கட்டும்.

தூதரகம் திறக்கப் பணமில்லை என்பது இரு பக்கமும் வரும் வாதம். தூதர்கள் பற்றிய 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 5-ஆவது பிரிவு, ஒரே தூதரைப் பல நாடுகளுக்கு நியமிக்க இடம் தருகிறது. அந்த நாடுகள் மறுப்புச் சொல்லாமல் இருந்தால் போதும். 6-ஆவது பிரிவின்படி பல நாடுகள் சேர்ந்து ஒருவரையே தூதராக அனுப்பவும் முடியும். துறைமுக நகரங்களில் கௌரவத் தூதர் போதும். அதற்கு 1963-ஆம் ஆண்டு துணைத் தூதரக உறவு உடன்படிக்கையில் தனி அத்தியாயமே இருக்கிறது. இன்னொன்று: இரண்டு நாடுகளும் 1961-ஆம் ஆண்டு அப்போஸ்டில் உடன்படிக்கையில் (ஒரு நாட்டு ஆவணத்தைத் தூதரக முத்திரை இல்லாமலே மற்ற நாடு ஏற்கும் ஏற்பாடு) இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று வெளியே இருந்தால், பட்டச் சான்றிதழும் நிறுவனப் பதிவுப் பத்திரமும் தூதரக முத்திரைக்காக மூன்றாவது நாட்டுக்குப் போய் வர நேரும். அதில் சேர்வதற்குப் பெரிய செலவில்லை, பலன் அதிகம்.

துறைமுகம்

இரண்டாவது கேள்வி. இரண்டு நாடுகளும் உலக வணிக அமைப்பில் இருந்தால், ஐந்தாறு சரக்குக்கு மட்டும் ஒருவருக்கொருவர் சலுகை கொடுக்க முடியாது. ஒருவருக்குக் கொடுத்த சலுகையை எல்லா உறுப்பினருக்கும் கொடுக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அந்த அமைப்பின் சரக்கு வணிக ஒப்பந்தமான காட் ஒப்பந்தத்தின் 24-ஆவது பிரிவு அதற்கு விலக்குத் தருகிறது. ஆனால் ஒப்பந்தம் ஏறக்குறைய மொத்த வணிகத்தையும் தழுவியிருக்க வேண்டும், தீர்வையைப் படிப்படியாக நீக்கும் இடைக்காலம் சாதாரணமாகப் பத்து ஆண்டைத் தாண்டக்கூடாது. இரண்டுமே வளரும் நாடுகள் என்றால் 1979-ஆம் ஆண்டு சிறப்பு விலக்கின் கீழ் குறைந்த பட்டியலோடு தொடங்கலாம். இந்தியாவும் சிலியும் அப்படித்தான் ஒரு பகுதி ஒப்பந்தத்தை 2007-இல் அமலுக்குக் கொண்டுவந்து 2017-இல் பட்டியலை விரித்தன. எந்தக் கதவு வழியாக நுழைகிறோம் என்பது முடிவாகாமல் பட்டியல் பேசுவது, தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

தீர்வை பேசுமுன் ஒரு வேலை செய்யுங்கள். இரு திசையிலும் அதிகம் போகும் முப்பது சரக்குகளை ஆறு இலக்க எச்.எஸ். குறியீட்டோடு (உலகச் சுங்கங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் சரக்கு எண்) எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இன்றைய தீர்வை, தேவைப்படும் சான்றிதழ், போகும் வழி. தடை தீர்வையில் இல்லை என்பது பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும். 3 சதவீதத் தீர்வையுள்ள 20,000 டாலர் சரக்கில் மிச்சமாவது 600 டாலர். அதற்காக மூலச் சான்றிதழ் (சரக்கு எந்த நாட்டில் உருவானது என்ற சான்று) வாங்கி, ஆவணங்களைப் பல ஆண்டுகள் பாதுகாத்து, பின்னால் தணிக்கைக்கும் பதில் சொல்லச் சிறு ஏற்றுமதியாளர் வரமாட்டார். சலுகை காகிதத்திலேயே கிடக்கும்.

தொலைதூர நாடுகளுக்கே உரிய சிக்கல், நேரடி அனுப்பீட்டு விதி. சரக்கு மூலநாட்டிலிருந்து நேரே வந்தால்தான் சலுகை என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. நேரடிக் கப்பல் இல்லாதபோது கன்டெய்னர் சிங்கப்பூரிலோ துபாயின் ஜெபல் அலி துறைமுகத்திலோ கப்பல் மாறித்தான் போகும். இறக்கி ஏற்றுவது வரை பிரச்சினை இல்லை. ஆனால் அங்கே கிடங்கில் திறந்து, சிறு சிறு சரக்காகப் பிரித்து, புதுப் பெட்டியில் கட்டினால் பல ஒப்பந்தங்களின்படி சலுகை போய்விடும். கப்பல் மாறும் இடத்திலும் சுங்கக் கட்டுப்பாட்டில் இருந்தால் போதும், அங்கே பிரிக்கவும் லேபிள் ஒட்டவும் செய்யலாம் என்று வெளிப்படையாக எழுதி வாங்குங்கள். சான்றாக முழுப் பயணத்துக்குமான ஒரே சரக்குக் கப்பல் ரசீது ஏற்கப்படும் என்றும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், சரக்கு மாற்றப்படவில்லை என்று இடைத்துறைமுகச் சுங்கத்திடம் சான்றிதழ் கேட்பார்கள்; அதை வாங்குவதற்குள் கன்டெய்னருக்குத் தாமதக் கட்டணம் ஏறிவிடும். விலைச்சீட்டை மூன்றாவது நாட்டு நிறுவனம் போடும் வழக்கமும் தூர வணிகத்தில் அதிகம். அதற்கும் ஒரு வரி அனுமதி தேவை.

எந்தச் சரக்கை உள்நாட்டுச் சரக்காக ஏற்பது என்று சொல்லும் மூலவிதியில், குறைந்தபட்ச உள்நாட்டு மதிப்பு விகிதம் என்ற வாசலை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஏற்றுமதி விலை 100, வெளிநாட்டு மூலப்பொருள் 62 என்றால் உள்நாட்டு மதிப்பு 38. வாசல் 40 என்றால் தோல்வி, 35 என்றால் தேர்ச்சி. சிறிய பொருளாதாரம் மூலப்பொருளில் பெரும்பகுதியை வெளியிலிருந்துதான் வாங்கும். எனவே மதிப்பு விகிதம் அல்லது நான்கு இலக்கக் குறியீட்டு மாற்றம் (மூலப்பொருளின் எச்.எஸ். எண்ணும் முடிந்த பொருளின் எண்ணும் முதல் நான்கு இலக்கத்தில் வேறுபடுவது), இரண்டில் எது ஒத்துவந்தாலும் போதும் என்று கேளுங்கள்.

எச்.எஸ். குறியீட்டுப் பதிப்பையும் பூட்டி வைக்கக்கூடாது. சூரியத் தகடு 2017 பதிப்பில் 8541.40-இல் எல்.இ.டி.யோடு சேர்ந்து இருந்தது. 2022 பதிப்பில் அதுவே 8541.43 ஆனது. ஒப்பந்தம் பழைய பதிப்பிலும் சுங்க அறிவிப்பு புதியதிலும் இருந்தால் சான்றிதழில் எந்த எண்ணைப் போடுவது என்ற குழப்பத்தில் சரக்கு நிற்கும். 2028-இல் அடுத்த பதிப்பு வருகிறது. புதுப் பதிப்பு வந்த ஆறு மாதத்துக்குள் பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று காட்டும் ஒத்திசைவு அட்டவணை வெளியிடுவோம் என்ற விதியை இப்போதே சேர்த்துவிடுங்கள்.

விளைபொருள் இருந்தால் தொற்றுத்தடுப்பு வேலையை முதல் நாளிலேயே தொடங்குங்கள். ஏற்றுமதி நாடு பூச்சிப் பட்டியல் கொடுக்க வேண்டும். இறக்குமதி நாடு ஆபத்து மதிப்பீடு செய்யும். பிறகு சிகிச்சை முறை, தோட்டப் பதிவு, சிப்பமிடும் கூடத் தணிக்கை. ஒரே பழத்துக்குப் பல ஆண்டுகள் பிடிக்கலாம். தூர நாடுகளின் பூச்சிகள் ஒன்றுக்கொன்று பழக்கமில்லாதவை, அதனால் மதிப்பீடும் நீளும். இறக்குமதி நாட்டு மேசையில் ஏற்கெனவே வரிசை இருக்கும். "உங்களிடமிருந்து ஒரு பழம், எங்களிடமிருந்து ஒரு பழம், இரண்டையும் சேர்த்தே முன்னால் எடுப்போம்" என்று கூட்டு ஆணையத்தில் முடிவு செய்தால் நகரும். ஐந்து கேட்டால் ஐந்தும் நிற்கும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் கன்டெய்னரையே திருப்பி அனுப்ப வைப்பது: மரப் பலகைத் தட்டு. மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியசில் தொடர்ந்து 30 நிமிடம் சூடாகியிருக்க வேண்டும் அல்லது ஏற்கப்பட்ட வேறு சிகிச்சை நடந்திருக்க வேண்டும், அதற்கான சர்வதேச முத்திரை பதிந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பது இயந்திரமாக இருந்தாலும் தட்டில் முத்திரை இல்லையென்றால் பிடித்துவைப்பார்கள்.

பசுங்கணக்கு

காலநிலைப் பகுதிக்கு வருகிறேன். பாரிஸ் உடன்படிக்கையின் 6.2 பிரிவின் கீழ் நாடும் நாடும் நேரடியாக வரவு மாற்றிக்கொள்ளலாம். ஐ.நா. காலநிலை மாநாடுகளில் கிளாஸ்கோவில் 2021-இல் விதிகள் வந்தன, பாகுவில் 2024-இல் மிச்சமிருந்தவை முடிவாயின. இதற்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போதாது. சிங்கப்பூரும் பப்புவா நியூ கினியாவும் 2023 டிசம்பரில் கையெழுத்திட்டது போன்ற செயலாக்க ஒப்பந்தம் வேண்டும். சுவிட்சர்லாந்து பெருவுடனும் கானாவுடனும் 2020-இலேயே இப்படிச் செய்துகொண்டது. ஆனாலும் 6.2-இன் கீழ் வரவு முதன்முதலாகக் கைமாறியது தாய்லாந்திலிருந்து சுவிட்சர்லாந்துக்கு: பாங்காக் மின்பேருந்துத் திட்டத்தின் 1,916 டன், 2023 முடியும் தறுவாயில். கையெழுத்துக்கும் முதல் டன்னுக்கும் நடுவே எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை இது காட்டும்.

விற்கும் நாடு தெரிந்துகொள்ள வேண்டியது ஒரே கணக்கு. விற்ற டன் உங்கள் உமிழ்வுக் கணக்கில் திரும்ப ஏறும்; இதுதான் சரிக்கட்டல். உதாரணத்துக்கு, இலக்கு ஆண்டில் உமிழ்வு 48 லட்சம் டன்னுக்குள் இருக்க வேண்டும் என்று வையுங்கள். நிஜத்தில் 47.5 லட்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். இலக்கை எட்டியாயிற்று. ஆனால் 1 லட்சம் டன் விற்றிருந்தால், சரிக்கட்டலுக்குப் பிறகு உங்கள் எண் 48.5 லட்சம். இலக்கு தவறிவிட்டது. அந்த அரை லட்சம் டன்னைப் பிறகு உங்கள் செலவில் குறைக்க வேண்டும், அப்போது மலிவான வழிகள் எல்லாம் ஏற்கெனவே விற்றுப்போயிருக்கும். மிச்சம் இருப்பது விலை கூடியதாகத்தான் இருக்கும்.

ஆகவே விற்பனைப் பட்டியலை இலக்கிலிருந்து பின்னோக்கிக் கட்டுங்கள். நாடு தன் செலவிலேயே செய்யக்கூடியவை ஒரு பட்டியல், அவற்றை விற்கக்கூடாது. வெளிப்பணம் இல்லாமல் நடக்கவே நடக்காதவை இன்னொரு பட்டியல். விற்பனை அனுமதி அவற்றுக்கு மட்டும். ஆண்டுக்கு எத்தனை டன்வரை அனுமதிப்பது என்ற உச்சவரம்பு, அனுமதி கொடுக்கும் அலுவலகத்தின் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். இலக்கு ஓர் ஆண்டுக்கு மட்டும் உரியது என்றால் சராசரி முறையா (விற்ற டன்களின் ஆண்டுச் சராசரியைச் சரிக்கட்டுவது) பாதை முறையா (ஆண்டுவாரி உமிழ்வுப் பாதை வகுத்து ஒவ்வோர் ஆண்டும் சரிக்கட்டுவது) என்று முதலிலேயே தேர்ந்தெடுத்து, கடைசிவரை அதையே பின்பற்ற வேண்டும்.

விற்கும் நாடு கொடுக்கும் அனுமதிக் கடிதத்தில்தான் தகராறு பிறக்கிறது. எந்தத் திட்டம், எந்த ஆண்டுகளின் குறைப்பு, அதிகபட்சம் எத்தனை டன், எந்தப் பயன்பாட்டுக்கு, எந்தச் சூழலில் அனுமதியை மாற்றலாம் என்பவை ஒவ்வொன்றும் அதில் இருக்க வேண்டும். அனுமதியை மாற்றும் நிபந்தனையை முன்னதாக எழுதாவிட்டால், ஒருமுறை கைமாறிவிட்ட டன்களில் பிறகு கைவைக்க முடியாது. வாங்கும் நாட்டிடம் கேட்க வேண்டியதும் உண்டு. சிங்கப்பூர் செய்யும் ஒப்பந்தங்களில் வரவின் 5 சதவீத மதிப்பு விற்கும் நாட்டின் தகவமைப்புக்கு (காலநிலை மாற்றத்தின் பாதிப்பைச் சமாளிக்கும் வேலைகளுக்கு) போகிறது, 2 சதவீத வரவு யாருக்கும் இல்லாமல் நீக்கப்படுகிறது. இதைக் குறைந்தபட்ச அளவாக வைத்துப் பேசலாம். பதிவேடு, உமிழ்வுக் கணக்கெடுப்பு, ஈராண்டு வெளிப்படை அறிக்கை இவற்றுக்கு ஆட்களைப் பயிற்றுவிக்கும் செலவையும் வாங்கும் நாட்டிடம் கேளுங்கள். கணக்கெழுத ஆள் இல்லாத நாட்டின் வரவை நாளைக்கு யாரும் நம்பமாட்டார்கள். அது வாங்குபவருக்கும் நட்டம்.

தெற்கலை

மூவருக்கும் நன்றி. குறிப்பின் அமைப்பையே மாற்றப் போகிறேன். ஒரு கேள்வி மிச்சம்: விற்கும் நாட்டில் மேம்பட்ட விறகடுப்புத் திட்டத்தைத்தான் முதலில் முன்வைக்கிறார்கள். மலிவு, விரைவு என்கிறார்கள். சரியான தொடக்கமா?

பசுங்கணக்கு

குடும்பங்களுக்கு நல்லது, புகை குறையும். அந்தக் காரணத்துக்காகச் செய்யலாம். வரவுக் கணக்கில்தான் கவனம். எரியும் விறகில் எத்தனை பங்கு மீண்டும் வளராத காட்டிலிருந்து வருகிறது என்ற ஒரு எண்ணின் மேல்தான் முழுக் கணக்கும் நிற்கிறது. அதை உள்ளூரில் அளக்காமல், ஒரு பொது எண்ணாக உயர்த்தி வைத்ததால் பல திட்டங்கள் விமர்சனத்துக்கு ஆளாயின. உள்ளூர் ஆய்வில் வந்த குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புது அடுப்பு வந்த பிறகும் பழைய அடுப்பு பக்கத்திலேயே எரிவது இரண்டாவது பலவீனம். கொடுத்த அடுப்புகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடாமல், ஒரு பகுதி அடுப்புகளிலாவது வெப்ப உணரி பொருத்தி உண்மைப் பயன்பாட்டை அளக்க வேண்டும். தண்ணீர் இறைக்கும் சூரிய மோட்டார், மின்பேருந்து போன்றவற்றில் அளவை மீட்டரிலேயே படித்துவிடலாம், சர்ச்சை குறைவு. முதல் திட்டமாக அப்படி ஒன்றை எடுப்பது என் விருப்பம்.

துறைமுகம்

அந்த மோட்டாரும் தகடும் பேருந்தின் மின்கலமும் எந்தத் தீர்வையில் உள்ளே வருகின்றன என்று இப்போதே பாருங்கள். காலநிலைப் பகுதியில் ஒரு திட்டத்தை ஊக்குவித்துவிட்டு, வணிகப் பகுதியில் அதே கருவிக்குத் தீர்வை வைத்திருக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. சுவிட்சர்லாந்து, நியூசிலாந்து, ஐஸ்லாந்து, கோஸ்டாரிகா நான்கும் 2024 நவம்பரில் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் சுற்றுச்சூழல் சரக்குகளுக்குத் தனிப் பட்டியலே இருக்கிறது. மாதிரிக்கு அதை எடுத்துப் படிக்கலாம். உதிரிபாகத்தையும் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். மோட்டார் தீர்வையில்லாமல் வந்து அதன் இன்வெர்ட்டருக்குத் தீர்வை கட்ட நேர்ந்தால், முதல் பழுதிலேயே திட்டம் நின்றுவிடும்.